பீரோ மேல் பனி

சொம்பைக் கவிழ்த்து ஒரு வட்டம். டம்ளரைக் கவிழ்த்து அதன் மேல் இன்னொரு வட்டம். இளமாறன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தன் பனிமனிதனைப் பெருமையாகப் பார்த்தான்.

“இன்னா நைனா, இட்லி மேல இட்லி குந்தியிருக்குது?” என்றாள் மகள் அனு.

மிக்ஸி ரிப்பேர் பார்க்கிறவன் கையிலிருந்து மிக்ஸி மாதிரி வராமல் இட்லி மாதிரி வந்ததே பெரிய விஷயம் என்று அவன் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

குளிர்கால வாழ்த்து அட்டையாம். காலையில் இரண்டாம் வகுப்பு மிஸ்ஸின் மேஜைக்குப் போய்ச் சேர வேண்டும். சித்திரையில் மலைப் பாறை மேலேயே தோசை ஊற்றலாம் போலிருக்கிற செஞ்சியில், மார்கழி விடியலில் பைக் சீட்டு நனைந்து கிடப்பதுதான் இவர்களுக்குத் தெரிந்த பனி. அதற்கே ஊர் முழுக்க மஃப்ளர் கட்டிக்கொள்ளும். அந்த மரியாதைக்காகப் பனிமனிதனின் கழுத்திலும் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினான்.

“மிஸ் பஞ்சு ஒட்டணும்னு சொன்னாங்க.”

இளமாறனின் கண் தன்னால் பீரோவின் உச்சிக்குப் போனது. போன வேகத்தில் திரும்பியும் வந்தது.

நீலத் தாள் சுற்றிய உருளை ஒன்று ஐப்பசியிலிருந்து அங்கே உட்கார்ந்திருக்கிறது. விளக்கை அணைத்த பிறகும் அதன் வெள்ளை நுனி தெரியும். தூக்கிப் போடக் கை வரவில்லை. தொடவும் வரவில்லை.

அதை மட்டும் அனு தொட்டுவிடக் கூடாது.

கோலமாவைத் தூவிப் பார்த்தான். ஃபேன் காற்றில் அது அவன் மீசையில் போய் ஒட்டிக்கொள்ள, இரண்டு பேரில் யார் பனிமனிதன் என்பதில் குழப்பம் வந்தது. அனு விழுந்து விழுந்து சிரித்தாள். மிக்ஸி அட்டைப்பெட்டியின் தெர்மாகோலைப் பிய்த்தான். அது கீச்சென்று கத்திவிட்டு மூலைக்கு மூலை உருண்டது.

“மெடிக்கல்ல போயி வாங்கியாறேன், இரு” என்று செருப்பைத் தேடினான்.

“எதுக்கு? பீரோ மேல இருக்குதே.”

செருப்பு கிடைத்தது. கால்தான் நுழையவில்லை. அதற்குள் அவள் நாற்காலி போட்டு ஏறி எடுத்துவிட்டாள்.

புத்தம் புது உருளை. நுனியில் மட்டும் கொஞ்சம் பிய்ந்திருந்தது. அன்றைக்கு மச்சான் பதற்றத்தில் ஓடிப்போய், கடையில் இருந்ததிலேயே பெரிசாக வாங்கி வந்துவிட்டான். தேவைப்பட்டதோ இரண்டே கிள்ளு.

கலைவாணியைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது அனுவை எதிர் வீட்டில்தான் உட்கார வைத்திருந்தார்கள். பிள்ளை அம்மாவை அந்தக் கோலத்தில் பார்க்கவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். இளமாறனும் நம்பியிருந்தான்.

அவள் பசை தடவ, அவன் பஞ்சை வைத்து அழுத்தினான். வயிறு. தலை. இட்லிகள் நிஜமாகவே பனிமனிதனாகிக்கொண்டு வந்தன. முகத்தையும் அவசரமாக மூடி முடித்து, “போதுங்களா மேடம்?” என்றான்.

அனு குனிந்து பார்த்தாள். பிறகு முகத்தின் நடுவில் இருந்த பஞ்சை மட்டும் நகத்தால் மெல்ல எடுத்தாள். இரண்டு கிள்ளு.

“மூக்குல வேணாம் நைனா. இதாவது மூச்சு விடட்டும்.”