கொடிக்கம்பத்தில் ஒரு பை

"போய் இறக்கச் சொல்லப்போறேன்," என்றாள் யொலாண்டா.

"வேண்டாம். அவங்க வண்டி, அவங்க கொடி," என்றான் அவள் கணவன் வௌட்டர், காப்பிக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்காமல்.

அந்த முகாமில், படுக்கை அடுப்போடு வீடுபோல இருக்கும் பக்கத்து கேம்பர் வண்டியின் பின்னேணியில் ஒரு கம்பைக் கட்டிக் கொடி ஏற்றியிருந்தார்கள். கம்பு நுனியில் ஒரு பள்ளிக்கூடப் பை ஆடிக்கொண்டிருந்தது. அந்த நாட்டு வழக்கப்படி, எங்கள் வீட்டுப் பிள்ளை பள்ளி இறுதித் தேர்வில் பாஸ் என்று ஊருக்கே தம்பட்டம் அடிக்கும் பை.

இந்தப் பைகளுக்குப் பயந்துதான் யொலாண்டா வீட்டார் டெவென்டர் ஊர் வரைக்கும் ஓடி வந்திருந்தார்கள்.

தேர்வு முடிவு நாளில் ஃபெயிலான பிள்ளைகளைத்தான் பள்ளிக்கூடத்திலிருந்து முதலில் கூப்பிடுவார்கள். இவர்கள் தெருவில் முதலில் அடித்தது மகள் ஃபெம்கேயின் போன். யொலாண்டா அதற்குள் கொடியை இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் விரித்தே வைத்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் எதிர்வரிசையில் ஐந்து கொடி, ஐந்து பை.

மறுநாளே வண்டியைக் கிளப்பிவிட்டார்கள். பெண்ணுக்கு ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்றுதான் யொலாண்டா சொன்னாள். ஃபெம்கே தன் துணிமணியைப் பள்ளிக்கூடப் பையிலேயே திணித்துக்கொண்டு வந்தாள். வழியில் யாராவது பையைப் பார்த்து "பாஸா?" என்று கேட்டுத் தொலைத்தால்? துணியை வேறு பையில் கொட்டிவிட்டு, பள்ளிக்கூடப் பையை டிக்கியில் மின்சார வயர்களுக்கு அடியில் ஒளித்து வைத்தவளும் யொலாண்டாதான்.

ஐசல் ஆற்றங்கரையில் நல்ல இடம் கிடைத்தது. அக்கரையில் பழைய ஊரும் மாதாகோயில் கோபுரமும். படகில் ஏறினால் ஐந்து நிமிஷம்கூட ஆகாது. ஆனால் ஃபெம்கே மூன்று நாளாக வண்டியை விட்டு இறங்கவில்லை, சரியாகச் சாப்பிடவுமில்லை. இன்று காலையில்தான் தானாகவே, "அக்கரைக்குப் போலாமாம்மா?" என்று கேட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு படியில் கால் வைத்தவள் பக்கத்து வண்டிப் பையைப் பார்த்தாள். அப்படியே திரும்பிப் போய்ச் சன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

யொலாண்டா நேரே பக்கத்து வண்டிக்குப் போனாள்.

அங்கே ரூலஃப் என்ற கிழவர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, மசாலா கேக்குத் துண்டுகளில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். வாங்க, ஒரு வாய் காப்பி குடிக்கலாம் என்றார். அவள் உட்காரவில்லை.

"உங்க பிள்ளை பாஸாயிருக்கு. சந்தோஷம். ஆனா பக்கத்து வண்டியில பாஸாகாத பிள்ளை ஒண்ணு மூணு நாளாப் படுத்துக் கிடக்கு. அந்தப் பையைக் கொஞ்சம் இறக்கி வைங்க."

கிழவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"அது என் மகன் யெல்லேயோட பை. அவனுக்கு இப்ப நாப்பத்தேழு வயசு."

யொலாண்டா நிமிர்ந்து பார்த்தாள். தோல் வெடித்து, வார் நைந்த பழைய பைதான். அதற்காகக் கோபம் போய்விடுமா?

"இத்தனை வருஷமாவா பாஸானதைக் கொண்டாடுறீங்க?"

"அவன் பாஸாகலையே," என்றார் ரூலஃப்.

பிறகு அவராகவே சொன்னார். யெல்லேயின் முடிவு வந்த அன்றைக்கும் முதல் போன் அவர்கள் வீட்டுக்குத்தான் வந்தது. அவர் மனைவியும் கொடிக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். யெல்லே அந்தக் கொடியைப் பார்த்தான், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மச்சினன் கேட்டால் என்ன சொல்வது என்ற கவலையில் இருந்த ரூலஃப், சாயங்காலம் வரை அவனைத் தேடவே இல்லை. மகனைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.

"அதோ, அந்தப் படகுத்துறையில. தண்ணியவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான். என்ன நினைச்சு உக்காந்திருந்தான்னு இன்னைக்கு வரைக்கும் நான் கேட்டதில்ல. வருஷா வருஷம் இதே நாள்ல இங்க வந்து பையை மாட்டுறோம். பாஸானதுக்கு இல்லம்மா. பிள்ளை கிடைச்சதுக்கு."

சாயங்காலம் யெல்லேயும் வருவான், ரொட்டிக்கடை வைத்திருக்கிறான் என்றார். அப்புறம், பையை இறக்கிவிடுகிறேன் என்று எழுந்தார்.

"வேண்டாம், இருக்கட்டும்," என்றாள் யொலாண்டா. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எதிர்வரிசை வீட்டுக்காரர்களுக்கு என்ன சொல்வது என்பதைத் தவிர, இந்த மூன்று நாளில் அவளும் வேறு எதையும் நினைக்கவில்லை.

திரும்பி வந்து டிக்கியைத் திறந்தாள். வயர்களை அள்ளிப் புல்லில் போட்டாள். "என்னத்தைத் தேடுறே?" என்ற வௌட்டருக்குப் பதில் சொல்லாமல், பையை உதறி எடுத்துக்கொண்டு கிழவரின் கம்பத்தடிக்குப் போனாள்.

சன்னல் திரை விலகியது.

"அம்மா, என்ன பண்றே? நான் ஃபெயில்மா."

"தெரியும். எனக்கு எட்டல, நீ வந்து மாட்டு."