ஒரு சாண் தூரம்

விமான நிலையத்து டிக்கெட் கவுன்ட்டரின் பக்கத்தில், வெயில் பட்டுப் பட்டு வெளுத்துப்போன உலகப் படத்தின் முன் தையல்காரி நிற்கிறாள். செய்தி கேட்டதும் மெஷினை விட்டு எழுந்து ஓடி வந்தவள். அளவு நாடா இன்னும் கழுத்திலேயே தொங்குகிறது, முழங்கையில் யாருடைய சட்டைக்கோ தைத்த நீல நூல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கட்டைவிரலை இந்த ஊரில் ஊன்றிச் சுண்டுவிரலை நீட்டினால், மகன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஊர் எட்டிவிடுகிறது. ஒரு சாண். டிக்கெட்டிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது: பத்துக்குக் கிளம்பிப் பதினொன்றரைக்கு இறங்குகிறது. மகனோடு அறையில் தங்கியிருப்பவனுக்கு அப்போதே போன் போட்டுவிட்டாள். "ஏறினா ஒன்றரை மணி நேரந்தான் தம்பி. அம்மா இதோ வந்துடுறேன்னு அவன் காதுல போடு." இப்போது கவுன்ட்டர் பெண் தயங்கித் தயங்கிச் சொல்கிறாள்: "அம்மா, பதினொன்றரைங்கிறது அந்த ஊர் மணி. அங்க கடிகாரம் நமக்கு ரெண்டரை மணி நேரம் பின்னாடி ஓடுது. பறக்கிறது முழுசா நாலு மணி நேரம்மா." படத்தில் ஊன்றிய கை இறங்கவில்லை. யாரோ இழுத்துப் போகும் பெட்டியின் சக்கரம் கிறீச்சிட்டு ஓய்கிறது. பைக்குள் போன் அடிக்கிறது. மகனின் அறைக்காரன்தான், அழுகையை அடக்கத் தெரியாதவன். "சொன்னேம்மா. கண்ணைத் திறந்து சிரிச்சான். 'நானும் அந்த வழியாத்தானேடா வந்தேன், எனக்குத் தெரியாதா? அம்மா ஒன்றரைன்னே நினைச்சுக்கிட்டு வரட்டும், நீ எதையும் சொல்லிடாத'ன்னான்."