ஏழு உரசல்கள்

"ஏழு," என்று எண்ணி முடித்து டார்ச்சை அணைத்தார் தொழிற்சாலைப் பாதுகாப்பு அதிகாரி. "ஒரே நாள்ல ஏழு உரசல்."

வாசற்படியில் நின்றிருந்த மனைவி, தான் எங்கேயும் உரசவில்லை என்றாள்.

"பின்னே, வீல் தானாப் போய் உரசிக்கிச்சாக்கும்?"

கார் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. அவருடைய உயிர் அதன் நான்கு அலாய் வீல்களில்தான் இருந்தது. நடைபாதைக் கட்டைக்கு இரண்டு முழம் தள்ளித்தான் வண்டியை நிறுத்துவார். மனைவி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரே தாவாகத் தாவி ஏறிக்கொள்ள வேண்டும்.

தினமும் அதில்தான் தொழிற்சாலைக்குப் போவார். சாயங்காலம் வந்து வீட்டு ஷெட்டுக்குள் முன்பக்கமாக நுழைத்து நிறுத்துவார். இறங்கியதும் டார்ச் அடித்து ஆய்வு. டிரைவர் பக்கத்து வீல் இரண்டும் கண்ணாடி மாதிரி மின்னும். மறுபக்கம் சுவரை ஒட்டி நிற்கும். அந்தச் சந்தில் அவருடைய தொப்பை நுழையாது. பார்த்தவரைக்கும் திருப்தியாகி, சாப்பிட உட்காருவார்.

ஆய்வு அவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காரைத் தெருவில் நிறுத்திக் கொடுத்தால், கழுவுவது மனைவி பொறுப்பு.

மனைவி பிசியோதெரபிஸ்ட். ஊருக்கு வெளியே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. வாரத்தில் இரண்டு நாள். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. வருவதாக இருந்தால் இன்றைக்கு எட்டு மணிக்குள் சொல்ல வேண்டும் என்று கெடு வைத்திருந்தார்கள்.

அந்த இரண்டு நாளும் காரைக் கேட்டாள். அவருக்கோ தொழிற்சாலை பஸ் வாசலிலேயே வந்து நிற்கும். இருந்தாலும் வீல் என்ன ஆவது?

தொழிற்சாலையில் எதற்கும் எழுத்தில் ஒரு விதி போடுகிற பழக்கம் அவருக்கு. வீட்டிலும் போட்டார். ஒரு நாள் சோதனை ஓட்டம். வீலில் கீறல் இல்லாவிட்டால் கார் கிடைக்கும். கீறல் இருந்தால், உரசியவர் எவரானாலும், ஓர் உரசலுக்கு ஒரு மாதம் வண்டியைத் தொடக் கூடாது. பாரபட்சம் இல்லை என்று காட்டத்தான் அந்த "எவரானாலும்". இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, காகிதம் ஃபிரிட்ஜ் கதவில் ஏறியது.

இன்று அந்தச் சோதனை. மனைவி ஆஸ்பத்திரி வரை போய்த் திரும்பி, காரைப் பின்னால் எடுத்து ஷெட்டுக்குள் அளவெடுத்த மாதிரி நிறுத்தியிருந்தாள். ஏன் இப்படி என்று கேட்டார்.

"தொழிற்சாலையில எல்லாரும் இப்படித்தான் நிறுத்தணும்னு நீங்கதானே போர்டு வெச்சிருக்கீங்க?"

ஆக, வண்டி திரும்பி நின்றதில், இத்தனை நாள் சுவர்ப் பக்கமாகவே நின்ற வீல்கள் முதல்முறையாக டார்ச் வெளிச்சத்துக்கு வந்தன. தூசிக்கு நடுவே வரி வரியாக ஏழு.

"ஏழு மாசம் நீ சாவியைத் தொட முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி வரலேன்னு சொல்லிடு."

அவள் போனைக் கையில் எடுத்தாள். ஆனால் அழுத்தவில்லை. முதலில் வீலைக் கடையில் காட்டிவிடலாம் என்றாள்.

வீல் ரிப்பேர் கடை நாலு தெரு தள்ளி. காரை அவரே ஓட்டினார். போகிற வழியெல்லாம் கைப்பழக்கம், கண்பார்வை, பொறுப்புணர்ச்சி என்று மூன்று தலைப்பில் வகுப்பு எடுத்தார். கடைக்காரரிடமும் விஷயத்தைச் சொல்லி, ஒரே நாளில் ஏழு என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

கடைக்காரர் பஞ்சில் தின்னர் தொட்டு முன்வீலைத் துடைத்தார். அழுக்கு போனதும் ஒவ்வொரு கீறலுக்குள்ளும் மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது.

"கட்டையோட பெயின்ட் ஒட்டியிருக்கு சார். இந்த மாதிரி மஞ்சளை நான் இந்த ஊர்ல பார்த்ததே இல்லையே."

"எப்படிப் பார்த்திருப்பீங்க? கடையில கிடைக்கிற மஞ்சள் இல்லை இது. ஓரக் கட்டை கண்ணுக்குத் தெரியாம யாரும் மோதிடக் கூடாதுன்னு, நானே பக்கத்துல நின்னு கலக்கச் சொன்னது. எங்க தொழிற்சாலை பார்க்கிங்கைத் தவிர வேற எங்கேயும்..."

அதோடு நின்றுவிட்டார். கடைக்காரர் பஞ்சைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

மனைவி அந்தத் தொழிற்சாலைக்குள் காலே வைத்ததில்லை. அங்கே கட்டையை ஒட்டிய இடம் பாதுகாப்பு அதிகாரிக்கு மட்டும் ஒதுக்கியது. தன் போர்டுக்குக் கட்டுப்பட்டு அதில் பின்னால் எடுத்துத்தான் நிறுத்துவார்.

குரலை இறக்கி மனைவியிடம் கேட்டார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"வாராவாரம் கழுவுறது நான்தானேங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"டார்ச்சை அணைச்சுட்டு வரும்போது உங்க முகத்துல அப்படி ஒரு சந்தோஷம் இருக்கும். அதை எதுக்குக் கெடுக்கணும்னு இருந்துட்டேன்."

அவள் போனை எடுத்து ஆஸ்பத்திரிக்கு அடித்தாள். திங்கட்கிழமையே வந்துவிடுவதாகச் சொன்னாள். வைத்துவிட்டு, சாவிக்காகக் கையை நீட்டினாள்.

"ஏழு மாசம்ங்க. ஃபிரிட்ஜ்ல எழுதி ஒட்டினது நீங்கதான்."

சாவியைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, தனக்காக யாராவது பேச மாட்டார்களா என்று கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

பின்வீலைத் துடைத்துக்கொண்டிருந்த கடைக்காரர் நிமிர்ந்தார்.

"ஏழு இல்லை சார். காத்தடிக்கிற மூடிகிட்ட இன்னொண்ணு இருக்கு. எட்டு."