வெர்னா வீட்டின் மதிப்பு

"போன வருஷம் இருந்த அதே வீடுதான். புதுசா ஒரு பலகைகூட அடிக்கல. மதிப்பு மட்டும் எப்படிங்க ஏறும்?"

வெர்னா மேசையைத் தட்டிக் கேட்டாள்.

கவுண்டி என்கிற மாவட்ட அலுவலகத்தின் மாடியில் சொத்துவரி முறையீட்டு வாரியம் கூடியிருந்தது. மூன்று உறுப்பினர்கள். அவர்களில் ஆஸ்ட்ரிட் புதியவள். குளிர்காலத்தில்தான் நகரத்திலிருந்து இந்த ஊருக்குக் குடிவந்தாள். இது அவளுக்கு முதல் விசாரணை.

எதிரே ஹார்லன். வீடுகளுக்கு மதிப்புப் போடுகிறவர். கவுண்டி முழுவதற்கும் அவர் ஒருவர்தான். மதிப்பு ஏறினால் வரியும் ஏறும். அதனாலேயே அவரைக் கண்டால் பாதி ஊர் தெருவின் மறுபக்கம் போய்விடும்.

"வெளியில ஒண்ணும் மாறலைங்க," என்றார் ஹார்லன் நிதானமாக. "தரைக்குக் கீழே, பேஸ்மென்ட்லதான் மாறியிருக்கு. வெறும் சிமென்ட் தரையா இருந்த இடத்துல இப்போ ஒரு படுக்கையறை, கம்பளம், குளியலறை."

"அது குளியலறையா? திரும்பினா முழங்கை இடிக்கும்!"

"இடிக்கும். ஆனா சுடுதண்ணி வருது."

வாரியத் தலைவர் எல்மர் இருமிக்கொண்டார்.

"நல்லாத்தான் வேவு பார்க்கறீங்க," வெர்னா சீறினாள். "மேல கூரையைப் பார்த்தீங்களா? பனி உருகினா ஒழுகுது. இந்த வரியையும் கட்டினா இந்த வருஷமும் கூரை மாத்த முடியாது. வாளி வெச்சுக்கிட்டு உட்காரணும். நீங்க பாட்டுக்கு எழுதிட்டீங்க!"

"கூரைக்குக் கழிக்க வேண்டியதைக் கழிச்சிட்டேன். பேஸ்மென்ட்டைச் சரிபண்ணின எல்லார் வீட்டுக்கும் ஏத்தினேன். எதிர்வீட்டு விதவை அம்மாவுக்கும்தான். இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் கண்ணை மூடிக்கிட்டா, நாளைக்கு நான் யார் வீட்டுக் கதவைத் தட்ட முடியும்?"

வெர்னா கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

எல்மர் மதிப்பைக் குறைக்கலாம் என்றார். அடுத்த உறுப்பினர் கூடாது என்றார். இருவரும் ஆஸ்ட்ரிட்டைப் பார்த்தார்கள்.

வாளியோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணை நினைத்தால் அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் ஹார்லன் சொன்னதில் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை.

"மதிப்பு அப்படியே இருக்கட்டும்," என்றாள் மெல்ல.

வெர்னா எழுந்தாள். "கல்நெஞ்சு!" என்றாள் ஹார்லனைப் பார்த்து. ஆனால் குரலில் பழைய சூடு இல்லை. அவள் வெளியேறியதும், காகிதங்களை அடுக்கிக்கொண்டு ஹார்லனும் போனார்.

ஆஸ்ட்ரிட்டுக்கு மனம் ஆறவில்லை.

"நேர்மையானவர்தான், ஒத்துக்கறேன். அதுக்காக இப்படியா? கொஞ்சம்கூட இரக்கம் வேண்டாமா? அடுத்தவங்க குளியலறையில சுடுதண்ணி வரும்னுகூட அவருக்கு எப்படிங்க தெரியும்?"

எல்மர் ஜன்னல் பக்கம் கை காட்டினார். கீழே ஒரு பழைய பிக்கப் வண்டியின் கதவை வெர்னாவுக்காகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார் ஹார்லன்.

"தினமும் அங்கதானே குளிக்கறாரு! சொந்த வீட்டு வரியை ஏத்திட்டு, பொண்டாட்டியோட அதே வண்டியில வீட்டுக்குப் போறாரு பாருங்க, அந்தத் தைரியம் நம்மில யாருக்கு வரும்?"