தேன்பாறைக் கயிறு

“கயிறு எங்க?” என்றான் இருளப்பன். தலைமாட்டுச் சுவரில் ஆணி மட்டும்தான் இருந்தது.

அவன் தங்கை மாரியாயி அடுப்பை ஊதுவதை நிறுத்தவில்லை. “வெள்ளனே வந்து எடுத்துட்டுப் போனாக. நீ அசந்து தூங்கிட்ட.”

“யாரு?”

“மதினிக்குத் தம்பி.”

சோலைமலைதான். இருளப்பன் அந்த வெற்று ஆணியையே முறைத்தான். மலைத்தேன் எடுக்க அவன் செங்குத்துப் பாறைகளில் இறங்கும்போதெல்லாம் மேலே கயிறு பிடித்தவன் சோலைமலை. அங்கே அது வழக்கம். இறங்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியோடு பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும், வேறு யாரும் தொடக்கூடாது. கூடப் பிறந்தவளின் தாலிக்காகவாவது அவன் பிடியை விட மாட்டான் என்று ஒரு நம்பிக்கை.

அப்படி உயிரைக் கையில் வைத்திருந்தவன், நேற்று, தேன்பாறைகளைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் காண்ட்ராக்டர் மயில்சாமியின் ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து போனதாக ஊரே சொன்னது. இன்றைக்குக் கயிறும் போய்விட்டது.

ஓடிப்போய்ப் பிடுங்கலாமென்றால் கால் வேண்டுமே. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வலது காலை மெல்ல ஊன்றிப் பார்த்தான். கணுக்காலில் பிடித்த வலி உச்சந்தலை வரை ஏறியது. மறுபடியும் பாயில் விழுந்தான்.

எத்தனையோ பாறைகளில் தொங்கியவன், ஒரு முறைகூட வழுக்கியதில்லை. நாயுடுபுரத்தில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றபோது பின்னால் இருந்தவன் தள்ளியதில், சாக்கடையில் கால் மடங்கி விழுந்துதான் கணுக்கால் உடைந்தது. இதை வெளியே சொல்லவும் வெட்கம்.

மூங்கில் பத்தை வைத்துப் போட்ட கட்டும் அவிழ்த்தாயிற்று. வீக்கம்தான் வடிகிறதாயில்லை. பெண்டாட்டி வேலம்மா காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போன பிறகு, வெளிக்குப் போவதற்குக்கூடத் தங்கையின் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. கணுக்காலில் பலமில்லாதவன் பாறையை உதைத்து எப்படி இறங்குவான்?

மழை இறங்கினால் தேனீ கிளம்பிவிடும். அதற்குள் தேன் எடுக்காவிட்டால், அப்பன் காலத்திலிருந்து அவர்கள் இறங்கி வரும் பாறையைத் தாண்டிக்குடி ஆட்களுக்குக் கொடுத்துவிடுவதாக மயில்சாமி சொல்லிவிட்டார். ஒரு தடவை கைமாறினால் போனதுதான். பாய்க்கும் வாசலுக்கும் நடுவே தவழ்கிறவன் அவரோடு என்ன மல்லுக்கட்டுவது?

கயிற்றில் தொங்கும் பிழைப்பு தன்னோடு ஒழியட்டும் என்றும் சில நேரம் அவனுக்குத் தோன்றும். மாரியாயிக்குக்கூட வில்பட்டியில் முட்டைக்கோசு போடுகிற ஒருவனைத்தான் மாப்பிள்ளையாகப் பேசிக்கொண்டிருந்தான். ஆனாலும் பாறை கைவிட்டுப் போவதற்கு மனம் ஒப்பவில்லை.

“கஞ்சி ஊத்தவா?” என்று கேட்டாள் மாரியாயி.

“கஞ்சி ஒண்ணுதேன் கொறச்சல்.” சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

வாசலில் நிழல் தட்டியது. தோளில் கயிற்றோடு சோலைமலை நின்றான்.

“வாடா. பாறையத் தூக்கிக் குடுத்துட்டு வந்துட்டியா?”

“குடுக்கலங்க மச்சான். நாளைக்குள்ள நாமளே எடுத்துர்றோம்னு அவுக கையில கால்ல விழுந்து கேட்டுட்டு வந்துருக்கேன். கயிறு தாங்குமான்னு இழுத்துப் பாக்கத்தேன் கொண்டுபோனேன். நல்லாத்தேன் இருக்கு.”

இருளப்பனுக்குக் கோபம் போன இடத்தில் அழுகை முட்டியது. இவனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று கூசினான்.

“நாமன்னா யாருடா? எந்திரிச்சு நிக்க மாட்டாமக் கெடக்கேன் நான்.”

“நான் எறங்குறேன். ஒங்கள முதுகுல தூக்கிட்டுப் போறேன். கயித்த மரத்துல சுத்திவிட்டு, உக்காந்தமேனிக்குப் புடிங்க. கைக்கு என்ன கேடு?”

ஒரு கணம் இருளப்பனின் முகம் தெளிந்தது. உடனே வாடிப்போனது. நம்பிக்கை வந்த வேகத்தில் போவதைப் போலக் கொடுமை வேறில்லை.

“கோட்டிக்காரா, நான் ஒங் கயித்தத் தொடலாமாடா? ஒம் பொண்டாட்டி கூடப்பொறந்தவன்ல புடிக்கணும். கல்யாணமே ஆகாத பய நீ. ஒனக்கு யாரு புடிக்கிறது?”

சோலைமலை கயிற்றை மெதுவாகப் பாயின் ஓரத்தில் இறக்கி வைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் பார்த்தான்.

“சொல்லுடா. வழக்கத்த மீறி எறங்கி நீ கீழ விழுந்துட்டீன்னா, நாளைக்கு ஒங்க அக்கா மொகத்துல நான் எப்பிடி முழிப்பேன்?”

அடுப்படியிலிருந்து மாரியாயிதான் எழுந்து வந்தாள். குனிந்து கயிற்றின் நுனியை எடுத்து, அண்ணன் கையில் வைத்து, அவன் விரல்களை மடக்கி மூடினாள்.

“நீதேன் புடிக்கணும், அண்ணே.”