சமநாளின் சூடு

இடம் போதாத அந்த நகரத்தில், ஒரே வீட்டில் பகல் வேலைக்காரரும் இரவு வேலைக்காரரும் மாறி மாறித்தான் தங்க வேண்டும். பிலோமி இரவுக்காரி, அவள் கணவன் அந்தோணி பகல்காரன். ஒருவர் வெளியேறினால்தான் மற்றவருக்குக் கதவு திறக்கும். கட்டிலில் மிச்சமிருக்கும் சூட்டைத் தொட்டுப் பார்த்து, 'ஆள் நல்லாத்தான் இருக்கு' என்று ஒருவரையொருவர் நினைத்துக்கொள்வார்கள். பகலும் இரவும் சமமாகும் நாளில் மட்டும், அந்தியில் ஒரு மணி நேரம் இருவரும் சேர்ந்திருக்கலாம்.

இன்று சமநாள். அடுத்த சமநாள் வரை பிலோமி இருக்கமாட்டாள் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதைப் போனில் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

கதவு திறந்ததும் அந்தோணி சிரித்தான்.

"என்ன புள்ள, இப்படி இளைச்சுட்ட? என்னை நெனச்சு ஏக்கமா?"

"ஆமா, பெரிய மாப்பிள்ளை! மொதல்ல சாப்பிடுங்க."

மீன்குழம்பும் சோறும் வைத்தாள். இரண்டு வாய் தின்றான்.

"ஏதோ நேர்ல சொல்லணும்னியே, சொல்லு" என்றவன், சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனான்.

எழுப்பக் கை நீட்டினாள். அவன் இமையெல்லாம் சிமெண்டுத் தூசி. இந்தத் தூக்கத்தைக் கலைத்து இதையா சொல்வது? ஈரத்துணியால் அவன் எச்சில் கையைத் துடைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து செபமாலை சொன்னாள்.

நேரம் முடியப்போனது. சங்கு ஊதினால் அவள் வெளியேற வேண்டும்; அவன் விழித்து, கட்டிலுக்குத்தான் போவான். பிலோமி அதில் ஏறிப் படுத்துக்கொண்டாள். காய்ச்சல் உடம்பு. கட்டில் நன்றாகவே சூடேறியது.