ஏழாவது துளை

“ஏழாவது லைட்டு யாருக்குப்பா?” என்று மகள் கேட்டாள். புது வீட்டு ஃபால்ஸ் சீலிங்கிற்கு நான் போட்ட வரைபடத்தில் ஆறு விளக்குகள்தான். ஏழாவது துளை குளியலறைப் படிக்கு மேலே இருந்தது.

“நான் வெட்டலை சார்,” என்றார் புது வயர்மேன். “முன்னாடி வயரிங் பார்த்த அண்ணன் கேட்ட இடம் அது. ‘அம்மாவுக்குக் கண்ணு மங்கல், தடுக்கி விழுந்துடுவாங்க’ன்னார். வரிசை கெடும்னு நீங்கதான் வேணாம்னீங்க.”

அந்த அண்ணன் போன மாதம் இறந்துவிட்டார். வேலை நடந்த நாளெல்லாம் என் அம்மாதான் அவருக்குச் சாப்பாடு போட்டாள்.

துளையை அடைத்துப் பெயின்ட் அடித்தோம்.

குடிவந்த பின் ஒரு மாலை கரண்ட் போனது. வீட்டில் அம்மா தனி. பதறி ஓடிவந்தேன். எங்கும் இருட்டு. அம்மா குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள்.

“படியில மட்டும் பளிச்சுன்னு இருந்துச்சேடா,” என்றாள்.

ஏணி வைத்து ஏறினேன். அடைத்த இடம் வழவழப்பாகவே இருந்தது. தொட்டுப் பார்த்தேன். இன்னும் சூடு ஆறவில்லை.